மைலேஜ் குறைந்த பங்குனி

எங்கள் காரின் மைலேஜ் குறைந்தபோது நான் குறை சொன்னது என் மனைவியைத்தான். அவள் பள்ளி ஆசிரியை. தஞ்சாவூரிலிருந்து பாபநாசம் பக்கத்தில் இருக்கும் பள்ளிக்குத் தினமும் அவளே ஓட்டிப் போய் வருவாள். லிட்டருக்குப் பதினெட்டு கொடுத்துக்கொண்டிருந்த வண்டி அந்தப் பங்குனியில் பதினாலுக்கு இறங்கிவிட்டது.

"க்ளட்ச்ல காலை வெச்சுக்கிட்டே ஓட்டுற. அதான்," என்றேன்.

"ஆறு வருஷமா இப்படித்தாங்க ஓட்டுறேன். இப்ப மட்டும் ஏன் குறையணும்? ஆக்ஸிலேட்டர்லேருந்து காலை எடுத்தா முன்னெல்லாம் தானா உருண்டு போகும். இப்ப யாரோ பின்னாலேருந்து பிடிச்சு இழுக்குற மாதிரி நின்னுடுது."

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. நான் சிரித்தேன். பொறியியல் படித்தவன் என்ற திமிர். டயர்களில் காற்று பார்த்தேன். டிக்கியில் கிடந்த சாமான்களை இறக்கினேன். ஏ.சி. போடாதே என்றேன், பாவம், அந்த வெயிலிலும் போடாமல் ஓட்டினாள். மைலேஜ் ஏறவில்லை. கியர் மாற்றுவது சரியில்லை என்று அடுத்த குறையைக் கண்டுபிடித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வலங்கைமானில் இருக்கும் அவளுடைய அக்கா வீட்டுக்குக் கிளம்பினோம். "நான் ஓட்டுறேன், எப்படி ஓட்டணும்னு பாரு," என்று சாவியை வாங்கிக்கொண்டேன். ஒன்பது வயது மகள் பின்சீட்டில் ஏறியதும் தூங்கிவிட்டாள்.

உளுந்து அறுவடைக் காலம். வழியெல்லாம் பாதி ரோட்டில் காய்ந்த உளுந்தஞ்செடியைப் பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறிப்போனால் காய் உடைந்து பயறு உதிரும். நானும் சரசரவென்று ஏற்றிக்கொண்டே போனேன்.

"ஏதோ கருகுற நாத்தம் வருதுங்க," என்றாள் மனைவி.

"வயல்ல அறுத்த தாளைக் கொளுத்துறாங்க. கண்ணாடியை ஏத்து."

இந்தப் பக்கத்தில் அந்த வாசனை யாருக்கும் புதிதில்லை. அவள் ஏற்றினாள்.

அடுத்த ஊரைத் தாண்டும்போது, ஓரத்தில் செடியைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் நடுரோட்டுக்கு ஓடிவந்து இரண்டு கையையும் வீசினாள். செடிமேல் ஏற்றிப் போகச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் போனதும்தான் அவள் கத்துவது காதில் விழுந்தது.

"நிறுத்துங்க! பின்னாடி எரியுது!"

நிறுத்திவிட்டு இறங்கிப் பின்பக்கமாக எட்டிப் பார்த்தேன். இடது பின்சக்கரத்தில் உளுந்தஞ்செடி பந்துபோலச் சுற்றியிருந்தது. அது கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது.

பெட்ரோல் டேங்க் பின்சீட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. அது எனக்குத் தெரியும். அந்தச் சீட்டில் என் மகள் இருக்கிறாள் என்பதும் தெரியும். ஆனால் கால் நகரவில்லை. மனைவி இடது பக்கம் இறங்கிப் பின்கதவைத் திறக்கப் போய், அனல் முகத்தில் அடிக்கவும், "பாப்பா! பாப்பா!" என்று அலறினாள். விழித்துக்கொண்ட குழந்தை வலது பக்கத்துக்கு நகர்ந்து உள்ளேயிருந்து கதவை இழுத்தாள். திறக்கவில்லை. ஓடும்போது திறந்துவிடக் கூடாதென்று நான்தான் சைல்டு லாக் போட்டு வைத்திருந்தேன். வெளியேயிருந்துதான் திறக்க முடியும். அந்தக் கதவு என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கண்ணாடி வழியாக அவள் என்னைப் பார்த்தாள். நான் அப்படியே நின்றேன்.

அந்தப் பெண் என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள். குழந்தையின் கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். இரண்டு பேரும் செடிமேல் விழுந்தார்கள். அதற்குள் அவள் புருஷனும் இன்னும் சிலரும் குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி, நனைத்த சாக்கைப் போட்டு அடித்து, ரோட்டோர மண்ணை அள்ளிக் கொட்டி அணைத்துவிட்டார்கள். பம்பர் உருகித் தொங்கியது. என் சட்டையில் ஒரு துளி கரிகூடப் படவில்லை.

"உங்களுக்கு என்னங்க ஆச்சு? உடம்பு முடியலையா?" என்று அந்தப் பெண் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை.

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்துப் போனோம். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகியிருந்தது. விடுவித்த பிறகும் அந்த ஒரு சக்கரத்தில் பிரேக் பிடித்தபடியே இருந்திருக்கிறது. அந்தச் சூட்டில்தான் செடி பற்றியிருக்கிறது.

"பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே ஓட்டியிருக்கீங்க சார். மைலேஜ் நல்லாக் குறைஞ்சிருக்குமே, கவனிக்கலையா?"

மனைவி பக்கத்தில்தான் நின்றாள். என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று காத்திருந்தேன். அவள் மெக்கானிக்கிடம், "கேபிள் மட்டும் மாத்துனாப் போதுமாங்க?" என்று கேட்டாள். அன்றைக்கும் சரி, அப்புறமும் சரி, ஒன்றும் சொல்லிக்காட்டவில்லை.

மகள்தான் கேட்டாள். ஒரு வாரம் கழித்து, பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது.

"அப்பா, அன்னிக்கு நீங்க ஏன் கதவைத் திறக்கல?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"பயந்துட்டேம்மா," என்றேன்.

அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "நானும்தான்," என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனாள்.