புள்ளி தெரிந்தது, வழி தெரியவில்லை

மார்கழி விடியலில் சாணம் தெளித்த வாசலின் பச்சை வாடை மூக்கில் ஏறினால் போதும், எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. திருவெள்ளறையிலிருந்து ஸ்ரீரங்கத்தில் எங்கள் கூட்டுக் குடும்பத்துக்கு வாழ வந்தவள் சித்தி. புள்ளிகளைச் சுற்றிக் கோட்டை வளைத்து வளைத்து அவள் போடும் "சிக்குக் கோல"த்தைப் பார்க்கத் தெருப் பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நிற்பார்கள். எனக்குப் பத்து வயதான மார்கழியில், புள்ளிகளை நூல் பிடித்தாற்போல வைத்து முடித்தவள், கோலப்பொடிக் கிண்ணத்தோடு அப்படியே குந்தியிருந்தாள். "புள்ளி தெரியுதுடி, போற வழிதான் தெரியல" என்றாள் என்னிடம். காதருகே யாரோ பேசுவதாகவும் அப்போதுதான் சொல்ல ஆரம்பித்திருந்தாள். பாத்திரக் குவியலில் கண்ணெதிரே கிடக்கும் கரண்டியைத் தேடித் தேடி அழுவாள்.

"வேலைக்கு உடம்பு வளையல, வேற என்ன?" என்பார் வீட்டை ஆண்ட பெரியம்மா.

சித்தப்பா அவளைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனார், நானும் ஒட்டிக்கொண்டேன். அட்டையின் கடைசி வரி வரைக்கும் தடுமாறாமல் படித்தாள். "கண்ணுல ஒரு குறையும் இல்லைங்க" என்றார் கடைக்காரர். நான் சந்தோஷப்பட்டேன், மடச்சி! அந்த ஒரு பேச்சை வைத்தே வீட்டில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். "அப்ப இத்தனை நாளும் நடிச்சிருக்கா! மகாராணி நடிக்கிறதுக்கா சோறு போடறோம்?" என்று பெரியம்மா கத்த, சித்தப்பா சித்தியின் பெட்டியைத் தூக்கித் திருவெள்ளறை பஸ்ஸில் வைத்தார். பிறகு பொங்கலுக்குக்கூட அழைக்கவில்லை.

நான் எட்டாவதோடு நின்றவள். டாக்டரிடம் கேள்வி கேட்க எனக்குத் தைரியம் வராது. போன மாதம், திருவெள்ளறையிலேயே இருந்துவிட்ட சித்தியை மாத்திரைக்காகத் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது, கண் நன்றாக இருந்தும் அன்றைக்கு ஏன் கோலம் வரவில்லை என்று எப்படியோ கேட்டுவிட்டேன். "மனச்சிதைவு இருக்கறவங்கள்ல சிலருக்கு இப்படி ஆகும்மா. கண்ணு பார்க்கும், பார்த்ததை ஒண்ணாச் சேர்க்க மூளை கஷ்டப்படும். அட்டையில எழுத்து படிக்க வச்சா இது தெரியாது" என்றார் அந்தப் பெண் டாக்டர். இரண்டு நிமிஷம்! ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பெட்டியில் கட்டி அனுப்புவதற்கு முன்னால் இந்த இரண்டு நிமிஷத்துக்கு ஒருத்தருக்கும் பொழுதில்லாமல் போயிற்றே!

வெளியே வந்ததும், தலை முழுக்க நரைத்த சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதை உங்க சித்தப்பாகிட்ட சொல்லுவியா?" என்றாள்.

பெரியம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். கூட்டுக் குடும்பம் கலைந்துவிட்டது. சாணம் தெளித்த வாசல் சிமெண்ட் ஆகி, அதில் பிளாஸ்டிக் கோலம் ஒட்டியிருக்கிறது. உள்ளே சித்தப்பா மட்டும் இருக்கிறார். இரண்டு முறை கேட் வரைக்கும் போனேன். கத்துவாரோ, துரத்துவாரோ என்று பயந்து திரும்பிவிட்டேன். வாயால் சொல்ல வராததை எழுதுகிறேன்: சித்தப்பா, அவள் நடிக்கவில்லை.