ஒரு ஆங்கில வரியும் பதினாலாம் நம்பர் டியூபும்

மூன்று வருடத்துக்கு முன்னால், மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை. காரைக்குடியில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையம். பி.சி.ஏ. இரண்டாம் வருடம் முடித்துவிட்டு, விடுமுறையில் அங்கே கம்ப்யூட்டர் வேலை பழகப் போய்க்கொண்டிருந்தேன். வருகிறவர்களின் பெயர், வயது, என்ன பரிசோதனை என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, அது கொடுக்கிற நம்பரை ரத்தம் எடுக்கும் டியூபில் எழுதி உள்ளே அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

எங்கள் ஊர் திருப்பத்தூர் பக்கம் ஒரு கிராமம். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். கல்லூரியில் எங்களைப் போன்றவர்களுக்காகவே ஆங்கில இலக்கணமும், கம்ப்யூட்டரில் வரும் சொற்களும் சேர்ந்த ஒரு பாடம் வைத்திருந்தார்கள். முதல் வருடம் அந்த வகுப்பில், ‘டிஃபால்ட் செட்டிங்’ என்றால் என்ன என்று கேட்டபோது எழுந்து நின்று, “தப்பான செட்டிங்” என்று சொன்னேன். ‘ஃபால்ட்’ என்றால் தப்புதானே என்று நினைத்துவிட்டேன். வகுப்பே சிரித்தது. நாமாக எதுவும் மாற்றாவிட்டால் முதலிலேயே இருக்கிற செட்டிங் என்று டீச்சர் பொறுமையாகத்தான் விளக்கினார். ஆனால் எனக்குள் அந்தச் சிரிப்புதான் தங்கியது. அதற்குப் பிறகு எந்தச் சொல்லுக்கும் நான் யாரிடமும் அர்த்தம் கேட்கவில்லை. நானாகவே ஒரு நோட்டுப் போட்டு மனப்பாடம் செய்தேன். டூ, டிட், டன். ‘அன்’ முன்னால் வந்தால் ‘இல்லை’ என்று அர்த்தம். ஹாப்பி என்றால் சந்தோஷம், அன்ஹாப்பி என்றால் சந்தோஷம் இல்லை. ஒரே வாக்கியத்தில் இரண்டு ‘இல்லை’ வந்தால் ஒன்றை ஒன்று அடித்துவிடும். பரீட்சையில் நல்ல மார்க்கும் வாங்கினேன். ஆங்கிலம் பிடிபட்டுவிட்டது என்றே நம்பினேன்.

அந்தத் திங்கட்கிழமை சரியான கூட்டம். சர்க்கரை பார்க்க வந்தவர்கள் வெறும் வயிற்றோடு ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நிலையத்தை நடத்துகிற அக்காதான் ரத்தம் எடுப்பதும், பரிசோதனை செய்வதும். கூட இருக்கிறவர் அன்று லீவு. டியூபில் நம்பரோடு பெயரையும் எழுத வேண்டும் என்று முதல் நாளே அக்கா சொல்லியிருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் நான் நம்பரை மட்டும் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். பெயர்தான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே!

பத்தரை மணி இருக்கும். பத்தொன்பது பேர் ரத்தம் கொடுத்து முடித்திருந்தார்கள். பட்டியலைப் பார்த்தால், ஒரு பெரியவரின் பெயரை இரண்டு முறை ஏற்றியிருந்தேன். ஒன்றை எடுத்துவிடலாம் என்று டெலீட்டை அழுத்தினேன். பட்டியலுக்கு மேலே இருந்த ஒரு கட்டத்தில் கை தவறி டிக் விழுந்திருந்ததை, அதனால் மொத்தப் பெயர்களும் தேர்வாகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. திரையில் ஒரு பெட்டி வந்தது. அதன் கடைசி வரி: ‘திஸ் ஆக்‌ஷன் கேனாட் பி அன்டன்.’

எனக்கு அப்போது என் நோட்டுதான் ஞாபகம் வந்தது. டன் என்றால் செய்தது. அன்டன் என்றால் செய்யாதது. கேனாட் என்றால் முடியாது. ஆக, ‘இதைச் செய்யாமல் இருக்க முடியாது.’ இரண்டு ‘இல்லை’ சேர்ந்து ‘ஆமாம்’ ஆகிவிட்டது! செய்துதான் ஆக வேண்டும் என்று கம்ப்யூட்டரே சொல்கிறது என்று நினைத்து, ‘எஸ்’ஸை அழுத்தினேன். கஷ்டமான ஒரு வரியை நானாகவே புரிந்துகொண்டேன் என்று ஒரு சந்தோஷம் கூட வந்தது.

பட்டியல் காலியானது. ஒரு பெயர் கூட மிச்சம் இல்லை.

கன்ட்ரோல் இசட் அழுத்தினேன். மூடித் திறந்தேன். மறுபடி மூடித் திறந்தேன். வெள்ளைத் திரைதான். தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது, எனக்கு முதுகெல்லாம் நனைந்துவிட்டது. உள்ளே ஸ்டாண்டில் பத்தொன்பது டியூப் நிற்கிறது. எது யாருடையது என்று சொல்ல அந்தக் கட்டிடத்தில் எதுவுமே இல்லை.

சரியாக அந்த நேரம் பார்த்து உள்ளிருந்து அக்கா குரல் கொடுத்தார். “ஏம்மா, அந்த ஆபரேஷன் கேஸு எத்தனையாம் நம்பர்?”

ஆபரேஷன் கேஸ் என்றது கண்டனூர் பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாவை. பன்னிரண்டு மணிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். ரத்தம் கொடுத்துவிட்டு ரெண்டு தெரு தள்ளி இருந்த ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய்விட்டார். ரிப்போர்ட்டுக்காக அவருடைய கணவர் வாசலுக்கும் கவுன்டருக்குமாக நடந்துகொண்டிருந்தார். அந்த அம்மாவும் இன்னொரு பெண்ணும் அடுத்தடுத்து வந்தார்கள் என்பது நினைவிருக்கிறது. ஒருவர் பதினாலு, ஒருவர் பதினைந்து. யார் எது?

“பதினாலுக்கா” என்றேன்.

யோசிக்கவே இல்லை. குரல் கூட நடுங்கவில்லை. இன்று வரைக்கும் எனக்கு ஆச்சரியம் அதுதான்.

மென்பொருள் கம்பெனிக்குப் போன் போட்டேன். மறுமுனையில் பேசியவர், “பேக்கப் ராத்திரிதான் மேடம் போகும். இன்னைக்கு ஏத்துனது எல்லாம் போச்சு. அதான் அன்டூ பண்ண முடியாதுன்னு தெளிவா சொல்லுதே, படிக்கலையா?” என்றார்.

அன்டூ! தினமும் நூறு தடவை கன்ட்ரோல் இசட்டில் நான் அழுத்துகிற அன்டூ. செய்ததைத் திருப்பி எடுப்பது. டூவுக்கு டன் என்றால், அன்டூவுக்கு அன்டன். என் நோட்டில் அந்த ஒரு வரி இல்லை. அன்டூ எனக்கு ஒரு பட்டனாக மட்டும்தான் தெரியும், ஒரு சொல்லாகத் தெரியாது.

போனை வைப்பதற்குள் அந்தக் கணவர் கவுன்டரில் வந்து நின்றார். “என்னத்தா, வந்துருச்சா? பன்னெண்டு மணிக்கு உள்ள கொண்டு போயிருவாகளாம். ரத்தம் குடுக்க ரெண்டு மச்சினமாரு வந்து நிக்கிறாக. குரூப்பு தெரிஞ்சா யாரை அனுப்புறதுன்னு பாத்துருவேன்.”

“இந்தா, அஞ்சு நிமிசம்” என்றேன்.

அக்கா ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். ‘14 – ஓ பாசிட்டிவ்’ என்று எழுதியிருந்தது. கீழே ஹீமோகுளோபின் அளவு. “பேரைப் போட்டு பிரின்ட் எடுத்துட்டு வா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பெயரை அடித்தேன். வயதை அடித்தேன். ஓ பாசிட்டிவ் என்று அடித்தேன். பதினாலாகத்தான் இருக்கும், இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிரின்டர் தாளை மெதுவாக வெளியே தள்ளியது. அதில் ‘ஓ’ என்ற எழுத்து அவ்வளவு அழகாக, சந்தேகமே இல்லாத மாதிரி விழுந்திருந்தது. கம்ப்யூட்டரில் அடித்துவிட்டால் பொய் கூட உண்மை மாதிரிதான் இருக்கிறது.

தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அந்தக் கணவரும் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றார். அக்கா பேனா மூடியைக் கழற்றினார். நான் சட்டென்று தாளின் மேல் கையை வைத்துவிட்டேன்.

“கையெழுத்துப் போடாதீக அக்கா.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“பதினாலான்னு எனக்குத் தெரியாது. பதினஞ்சாவும் இருக்கலாம். எல்லாப் பேரும் அழிஞ்சு போச்சு. நான்தான் அழிச்சேன். தெரியாம அழுத்திட்டேன்.”

“யேசுவே” என்று மட்டும் சொன்னார் அக்கா. பேனாவைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “அழிஞ்சது சரி. பதினாலுன்னு ஏன் சொன்ன?”

கதவோரம் நின்றவருக்கு எல்லாம் காதில் விழுந்துவிட்டது. நிலைப்படியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அடிக்க வருகிறார் என்றே நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்துத்தான் பேசினார். “அங்குட்டு அவ பயந்துபோய்ப் படுத்துக் கிடக்கா. இங்க நின்னு இந்தப் புள்ளயத் திட்டி என்ன ஆகப்போவுது? திரும்ப எடுக்கணும்னா இப்பவே வாங்கம்மா. வண்டி வாசல்ல நிக்கிது.”

அக்கா பையை எடுத்துக்கொண்டார். வாசலில் திரும்பி, “உக்காந்திருக்கவுககிட்ட நீயே சொல்லு. நான் வர்றதுக்குள்ள சொல்லியிருக்கணும்” என்றார். வண்டி கிளம்பிப் போய்விட்டது.

ஹாலில் பத்துப் பேர் இருந்தார்கள். மீதி எட்டுப் பேர் சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்கள். நான் கவுன்டருக்கு முன்னால் வந்து நின்றேன். எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். “நான் தப்பா ஒரு பட்டனை அழுத்திட்டேன். எந்த ரத்தம் யாரோடதுன்னு இப்பத் தெரியல. எல்லாருக்கும் மறுபடியும் எடுக்கணும். மன்னிச்சுக்குங்க.”

ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். “காலையிலருந்து பச்சத் தண்ணி குடிக்காம உக்காந்திருக்கோம், விளையாடுறீகளா?” என்று ஒருவர் கத்தினார். நான் இரண்டு முறை ஏற்றிய அந்தப் பெரியவர், “படிச்ச புள்ளகளை வச்சா இப்படித்தான்” என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருக்காகத்தான் இத்தனையும் என்று அவருக்குத் தெரியாது. கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு அம்மா மட்டும், “யாருக்கும் மாத்திக் குடுக்காம இப்பவாச்சும் சொன்னியே” என்றார். ஆறுதலாகச் சொன்னாரா, குத்திக் காட்டினாரா தெரியாது. எனக்குக் குத்தியது.

அரை மணி நேரத்தில் அக்கா திரும்பி வந்தார். கையில் புது டியூப். அதில் அந்த அம்மாவின் முழுப் பெயரும் அக்காவின் கையெழுத்தில் இருந்தது. என்னைப் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னார். கண்ணாடித் தகட்டில் மூன்று சொட்டு ரத்தம் வைத்து, ஒன்றில் நீல மருந்து, ஒன்றில் மஞ்சள் மருந்து, ஒன்றில் நிறமில்லாத மருந்து விட்டுக் கலக்கினார். வாசலில் அந்தக் கணவர் செருப்பைக் கூடக் கழற்றாமல் நிற்கிறார். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றரை. நான் தகட்டையே பார்த்தேன். நீலம் விட்டது அப்படியே இருந்தது. மஞ்சள் விட்டது மணல் மணலாகத் திரிந்தது. மூன்றாவதும் திரிந்தது.

“பி பாசிட்டிவ்” என்றார் அக்கா.

நான் பதினாலு என்று சொன்னது ஓ பாசிட்டிவ்.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா கையாலேயே ரிப்போர்ட்டை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் கணவர் வாங்கிக்கொண்டு ஓடினார்.

அன்று மதியம் வரைக்கும் மறுபடி ரத்தம் எடுத்தோம். ஒவ்வொரு டியூபிலும் பெயரை எழுதி, உரியவரிடமே காட்டி, சரியா என்று கேட்டு வைத்தேன். சாயங்காலம் திரும்பி வந்த எட்டுப் பேரிடமும் அதையே சொன்னேன். எட்டு தடவை சொன்ன பிறகும் வாய் பழகவில்லை. கடைசி ஆள் போனதும், தயங்கித் தயங்கி அக்காவிடம் கேட்டேன்: “ரத்தம் ஏத்துறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியிலயும் ஒரு தடவை பாப்பாங்கல்லக்கா?”

“பாப்பாங்க” என்றார். “அவங்களும் உன்னைய மாதிரி, வேற ஒருத்தர் பாத்துக்குவாங்கன்னு நெனச்சா?”

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். “காலையில ஏழு மணிக்கு வந்துரு” என்று மட்டும் சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார்.

அடுத்த வாரம் அந்தக் கணவர் ஏதோ வாங்கக் கடைத்தெருவுக்கு வந்தவர், வாசலில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார். ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினார்களாம். “வீட்டுக்கு வந்துட்டா. எந்திரிச்சு நடக்குறா” என்றார். எனக்கு அவரிடம் ஆயிரம் சொல்ல இருந்தது. “சரிங்க” என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை.

அந்த நோட்டை நான் தூக்கிப் போடவில்லை. ஆனால் சொல்லைத் தனியாக எழுதி அர்த்தம் போடுவதை விட்டுவிட்டேன். திரையில் வருகிற முழு வரியையும் எழுதிக்கொண்டு போய், எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியே டீச்சரிடம் கேட்பேன். யாராவது சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும். கடைசி வருடம் முழுக்க அப்படித்தான் படித்தேன். இப்போது மதுரையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில், புதிதாக எழுதுகிற மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. ஒரு பெட்டியில் வருகிற வரியைப் படித்ததும் புரியாதவர் யாராவது இருப்பாரா என்று யோசிப்பதும் என் வேலைதான். போன மாதம் கூட ஒரு வரியை மாற்றச் சொல்லிச் சண்டை பிடித்தேன்.

ஆங்கிலம் தெரியாமல் நான் அழுத்திய அந்த ‘எஸ்’ஸை என்றோ மன்னித்துவிட்டேன். நல்ல தமிழில், தெரியாது என்று தெரிந்துகொண்டே சொன்ன அந்தப் ‘பதினாலு’வைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.