கேட்டே ஆக வேண்டிய கேள்வி

என் மனைவிக்கு வயிற்றால் போகிறது என்பதை, இத்தனை ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்த பின்பும், குளியலறைக் கதவு மீண்டும் மீண்டும் திறந்து மூடும் ஓசையிலிருந்தே நான் ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவள் காலமாவதற்கு முந்தைய ஆண்டு அது. முந்தின நாள் சுசீந்திரத்தில் ஓர் உறவினர் திருமணத்துக்குச் சென்று வந்திருந்தோம். அதே பந்தியில் அதே அவியலையும் பாயசத்தையும் உண்ட எனக்கு ஒன்றும் நேரவில்லை. அதை அவள் கடைசிவரை ஓர் அநீதியாகவே கருதினாள்.

பக்கத்து வீட்டுக் குழந்தையின் வயிற்றைப் பற்றி மதிலுக்கு அப்பால் நின்று உரத்த குரலில் ஆராய்வாள். தன் உடம்பைப் பற்றி என்னிடம் ஒரு சொல் பேசமாட்டாள். நானும் கேட்டதில்லை. எங்கள் தலைமுறையில் அதுதான் மரியாதை.

நண்பகலில், அவளருகே வைத்த தம்ளர் தண்ணீர் அப்படியே இருப்பதைக் கண்டேன். உதடுகள் வெடித்திருந்தன. எழுந்தபோது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன்.

"குடிச்சாத்தானே போகுது. வயிறு காஞ்சா தானா நிக்கும். நீங்க போய் பேப்பர் படியுங்கோ."

தெருமுனையில் இருக்கும் பெண் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். காய்ச்சல் உண்டா, இரத்தம் கலந்து போகிறதா, எத்தனை முறை போயிற்று, கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது என்று கேட்டார். காய்ச்சல் இல்லை என்பதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் ஆறிய வெந்நீரில் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுக்கச் சொன்னார். கஞ்சியை நிறுத்தக் கூடாது. போக்கை நிறுத்தும் மாத்திரையை நானாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. மாலைக்குள் சிறுநீர் பிரியாவிட்டாலோ, தலை சுற்றல் கூடினாலோ, குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தாலோ உடனே அழைத்து வர வேண்டும். "அத நீங்கதான் கேட்டுச் சொல்லணும், சார்" என்றார்.

கரைசலோடு கட்டிலருகே நின்று, கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது என்று கேட்டேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இதெல்லாமா ஒரு ஆம்பிள கேப்பாங்க?"

மருத்துவர் கேட்கச் சொன்னார் என்றேன். மருத்துவரிடமே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். நான் நகரவில்லை. சுவரைப் பார்த்தபடியே அவள், "காலையில இருந்தே போகல்ல" என்றாள். அந்தக் குரலில் வெட்கத்தைவிடப் பயமே மிகுதியாக இருந்தது.

வெளியேறுவது உடம்பின் நீரும் உப்பும்தான். குடிக்காமல் இருந்தால் போக்கு நிற்காது, உடம்புதான் வற்றும் என்று விளக்கினேன். கல்லூரியில் வேதியியல் கற்பித்த பழக்கத்தில் சற்று நீண்டுவிட்டது. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"கிளாஸ் முடிஞ்சாச்சா? அப்ப கொண்டாங்கோ."

கடல் தண்ணீரில் சீனி போட்டதுபோல் இருப்பதாக முகத்தைச் சுளித்தாள்; ஆனாலும் குடித்தாள். ஒரு வாய், பின்பு ஒரு வாய். இடையில் உப்பிட்ட சம்பா அரிசிக் கஞ்சி. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்திருந்தேன். மணமகளின் மாமியாரைப் பற்றியும், என் அத்தை பந்தியில் பப்படத்தை ஒளித்துவைத்ததைப் பற்றியும் பேசினாள். சாய்வு வெயில் அவள் கால்மாட்டில் விழுந்திருந்தது. அவளருகே வேறு வேலையின்றி ஒரு பிற்பகல் முழுவதும் அமர்ந்திருந்தது எனக்கு அதற்குமுன் வாய்த்ததாக நினைவில்லை.

மறு ஆண்டு மருத்துவமனையில், கட்டிலோரம் தொங்கிய பையில் சிறுநீரின் அளவு கோடுகளாகத் தெரிந்தது. அங்கே யாரும் அவளிடம் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கரைசல் குடித்த அன்று விளக்கேற்றும் வேளையில் குளியலறைக் கதவு திறந்தது. நான் எழுந்து நின்றேன். அவள் நேராக என் முகத்தைப் பார்த்தாள்.

"போச்சு. நாளைக்குப் பேப்பர்ல போட்டிருங்கோ."

மருத்துவரை அழைத்து, சிறுநீர் பிரிந்துவிட்டது என்று என்னால் இயன்ற கண்ணியமான சொற்களில் தெரிவித்துக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து, தெருவுக்கே கேட்கும்படி அவள் குரல் வந்தது.

"நெறையன்னு சொல்லுங்கோ."