உள்பக்கம் பூசிய தார்

ஓடிப்போனார், ஓடிப்போனார் என்று குழாயடியில் சொல்கிறார்களே, ஓடுவதற்கு அந்த மனிதருக்குக் காலில் தெம்பு எங்கே இருந்தது? படகு பழுதுபார்க்கும் பட்டறைக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்தே செருப்பு தேய்ந்துபோயிருந்தது. பட்டறை பில்லுக்குப் பயந்து படகையும் பெண்டாட்டியையும் அம்போவென்று விட்டுவிட்டார் என்பது எதிர்வீட்டுக்காரி கட்டிவிட்ட கதை. நரம்பில்லாத நாக்கு எப்படி வேண்டுமானாலும் புரளும். நடந்ததைக் கேட்டுவிட்டுப் பிறகு பேசட்டும்.

அவருக்கு மினுக்கு என்று பட்டப்பெயர். தன்னை மினுக்கிக்கொள்கிற ஆள் இல்லை. ஒரே சட்டையை வாரம் முழுக்கப் போடுவார். படகைத்தான் மினுக்குவார். ஆளையும் கூடையையும் ஏற்றிக்கொண்டு அக்கரைச் சந்தைக்குப் போய்வரும் மரப்படகு அது. மற்ற படகுக்காரர்கள் வெளிப்பக்கம் தார் பூசுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். இவருக்கு அது போதாது. வருடா வருடம் உள்பக்கமும் காய்ச்சிக் காய்ச்சிப் பூசுவார். ஏறுகிறவர்கள் குனிந்தால் முகம் தெரிய வேண்டும் அவருக்கு.

இந்த வருடம் படகின் அடியில் தண்ணீர் கசிந்தது. படகு வேலை செய்யும் தச்சரை எல்லோரும் மேஸ்திரி என்பார்கள். அவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியால் தட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பலகை மாத்தணும்ணே. இவ்வளவு ஆகும். ஆனா இது தட்டிப் பாத்த கணக்கு. உள்ள என்ன இருக்குன்னு பிரிச்சாதான் தெரியும்."

தொகை மினுக்கின் காதில் விழுந்தது. மற்றது விழவில்லை. வீட்டில் சேர்த்து வைத்திருந்ததும் சரியாக அவ்வளவுதான். அந்தத் தெம்பில் படகைக் கரையேற்றிவிட்டார்.

மேஸ்திரிக்கு ஒரு முறை உண்டு. கழற்றிய பலகையைத் தூக்கிப் போடமாட்டார். பட்டறைச் சுவரோரம் சாய்த்து வைப்பார். படகுக்காரர் வந்து, கையால் தொட்டுப் பார்த்து, "சரி" என்று சொன்ன பிறகுதான் அடுத்ததில் உளி வைப்பார். நல்ல மரத்தைக் கழற்றிக் காசு வாங்கினான் என்ற பேச்சு தன் மேல் வரக்கூடாது அவருக்கு. அதனால் மினுக்கு தினமும் காலையில் போக வேண்டியிருந்தது. வாசலில் நுழையும்போதே கண் சுவருக்கு ஓடும். இரண்டு பலகை மூன்றாயிற்று, மூன்று ஐந்தாயிற்று. ஒவ்வொன்றையும் தொடுவார், விரல் உள்ளே போகும், ஊறிய ரொட்டியில் போவதுபோல. பில் ஏறுவது தெரியும். ஆனாலும் "சரி" என்பார். வேறென்ன சொல்ல முடியும்?

வீட்டுக்கு வந்தால் மனைவி கேட்பாள்.

"இன்னிக்கு என்ன சொன்னாரு?"

"முடிஞ்ச மாதிரிதான்."

"நேத்தும் முடிஞ்ச மாதிரிதான இருந்துச்சு?"

"நேத்தைவிட இன்னிக்குக் கொஞ்சம் அதிகமா முடிஞ்சிருக்கு."

அவள் சிரித்தாள். அவர் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார்.

ஒருநாள் சுவரில் புதிதாக எதுவும் சாயவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டார். மேஸ்திரி படகுக்குள் இருந்தே கூப்பிட்டார்.

"உள்ள வாங்கண்ணே. இதை வெளிய எடுத்துக் காட்ட முடியாது."

பலகைகளைத் தாங்கி விலா எலும்புபோல வளைந்து நிற்கும் சட்டங்களைக் காட்டினார். மேஸ்திரி உளியின் நுனியால் தாரை நெம்பினார். அது தோல்போல உரிந்து வந்தது. அதன் பின்னாலிருந்து தண்ணீர் வடிந்தது. படகு கரையேறி இத்தனை நாளாகியும் காயாத தண்ணீர்.

"உள்பக்கம் யாருண்ணே இப்படி பூசுனது?"

"நான்தான்."

"நல்லாத்தான் பூசியிருக்கீங்க. உள்ள வந்த தண்ணி வெளிய போக வழியே இல்ல. வருஷக்கணக்கா அங்கயே குடித்தனம் பண்ணியிருக்கு."

சண்டை போடவாவது ஆள் கிடைத்தால் மனுஷனுக்கு ஆறுதல். மினுக்குக்கு அதுவும் இல்லை. பில்லை ஏற்றிவிட்டது அவருடைய கையேதான்.

மேஸ்திரி குரலைத் தாழ்த்தினார். "இதுவரைக்கும் ஆன காசோடயே முடிக்கணும்னா புதுப் பலகையை மேல அடிச்சு மூடிடலாம். இந்த மழைக்குத் தாங்கும். வெளிய யாருக்கும் தெரியாது. சட்டத்தையும் மாத்தணும்னா ரெண்டு பங்குக்கு மேல போகும். எவ்வளவுன்னு இப்பச் சொன்னா அது பொய். சட்டமெல்லாம் உக்காந்திருக்கிற அடிக்கட்டையைப் பிரிச்சாதான் தெரியும். நாளைக்குச் சொல்லுங்க."

மினுக்கு ஒரு காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். வாங்கிவந்த டீ ஆறியது. உளுத்துப்போன அந்தச் சட்டத்துக்கு நேர் மேலே இருக்கிற பலகையில் யார் உட்காருவார்கள் என்று அவருக்குத் தெரியும். இடம் பிடிக்க முந்திக்கொண்டு ஏறி, மடியில் கூடையை வைத்து, அக்கரை வரும்வரை ஊர்க்கதை பேசும் எதிர்வீட்டுக்காரிதான். நடுத்தண்ணீரில் அந்தப் பலகை விட்டுக்கொடுத்தால்?

அன்றைக்கு மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"மூடிட்டு ஓட்டலாம்னு தோணுச்சா?"

"தோணுச்சு."

"ஓட்டுவீங்களா?"

"கையே வராது."

"அப்புறம் என்ன, பிரிக்கச் சொல்லுங்க."

"காசு?"

"என் வளையலை விக்கலாம்னா எல்லாம் கண்ணாடி. தாருக்குக் காசு எடுத்துக் கொடுத்தவளும் நான்தான். பாதிப் பழி எனக்கும் இருக்கட்டும்."

மறுநாள் மேஸ்திரியிடம், "பிரிங்க" என்றார். அங்கிருந்து நேரே துறைமுகத்துக்குப் போனார். மாதக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகும் பெரிய படகு அங்கே புறப்படத் தயாராக நின்றது. அதன் முதலாளி இவரைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"நீ சொந்தப் படகு வச்சிருக்கிறவன். உன்னைப் போய் கயிறு இழுக்க எப்படிச் சொல்றது?"

"வாயாலதாண்ணே சொல்லணும். நான் இழுக்கிறேன். சம்பளத்தை மட்டும் என் கையில தராம மாசாமாசம் மேஸ்திரிகிட்ட சேத்துடுங்க."

முதலாளி திரும்ப உட்கார்ந்தார். பிறகு, "விடிஞ்சதும் வந்துடு" என்றார்.

இதெல்லாம் குழாயடிக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்று அவரே மனைவியிடம் கேட்டுக்கொண்டார். சுக்கான் பிடித்த கை இன்னொருவர் படகில் மீன்கூடை சுமக்கிறது என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. வறட்டு வீம்புதான், இல்லையென்று யாரும் சொல்லவில்லை.

புறப்படுகிற அன்று மனைவி பையில் இரண்டு வேட்டியும் போர்வையும் வைத்தாள்.

"எத்தனை மாசம்?"

"அடிக்கட்டை நல்லா இருந்தா நாலு மாசம். இல்லேன்னா..." அவர் முடிக்கவில்லை. "நீ தினமும் பட்டறைக்குப் போ. வெறுமனே பாத்துட்டு வராத. தொட்டுப் பாத்துச் சரி சொல்லு."

"சரியில்லேன்னா?"

"அப்பவும் சரின்னுதான் சொல்லணும். வேற வழி இல்ல."

கதவைத் திறந்தார். எதிர்வீட்டுக்காரி துடைப்பத்தோடு வாசலில் நின்றாள்.

"என்னண்ணே, விடியக்காலையில பையும் கையுமா? தூரமா?"

அவர் பையைத் தோளில் மாற்றிக்கொண்டார்.

"இல்ல, சும்மாதான்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்.