ஸ்னோமொபைலும் இரண்டு மணி நேர நடையும்

நான்கு குளிர்காலங்களுக்கு முன், நொஷாட்டலுக்கு மேலே ஜூரா மலையில் ஒரு சிறிய விடுதியில் வேலை செய்துகொண்டிருந்தேன். கோப்பை கழுவுவது, விறகு பிளப்பது, பனி தள்ளுவது எல்லாம் நான்தான். சுவிஸுக்கு வந்தபின் அது எனக்குப் பதினோராவது வேலையோ பன்னிரண்டாவதோ.

சமையலறையில் மன்னாரைச் சேர்ந்த ஓர் அக்கா இருந்தார். ஒருநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு, மலையடிவார ஊரின் அலுவலகத்தில் அவருக்குக் குடியுரிமை நேர்காணல். ஒருமுறை பிரெஞ்சுத் தேர்வில் தவறி, மறுபடி எழுதி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து கிடைத்த நாள். முதல்நாள் இரவு கொட்டிய பனியில் பாதை மூடிவிட்டது. பனி தள்ளும் வண்டி மாலையில்தான் வரும். தேதியை மாற்றக் கேட்டால் இன்னும் எத்தனை மாதமோ.

விடுதிக்குச் சாமான் ஏற்ற ஒரு ஸ்னோமொபைல் இருந்தது. ஐம்பது வயதான இயந்திரம். துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி, இரண்டு கோடைகாலம் கழற்றிப் பூட்டி, மஞ்சள் வர்ணம் அடித்து ஓடவைத்தவர் எங்கள் முதலாளி. என்னைவிடப் பத்து வயது இளைய பெண்.

"என்னோட வாங்கோ அக்கா. இருபது நிமிசத்தில கீழ நிப்பம். ஒன்றரைக்கு வெளிக்கிட்டாலே காணும்" என்றேன்.

முதலாளி உடனே சாவியைத் தரவில்லை. நடந்து போனால் இரண்டு மணி நேரம். அதற்கும் மேலே ஒரு மணி நேரம் வைத்து, பதினொன்றுக்கே கிளம்புவதென்றால்தான் சாவி என்றார். கால் புதையாமலிருக்கச் சப்பாத்தின் கீழ் கட்டுகிற அகலமான பனித்தட்டுகள் இரண்டு சோடியையும் இருக்கைக்குப் பின்னால் அவரே கட்டினார். எனக்குச் சுருக்கென்றது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் என்றாலும், பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவன் நான். எனக்கா இயந்திரம் தெரியாது?

கிளம்பி இரண்டு நிமிடத்தில், காட்டு வளைவொன்றில் அது இருமியது, நின்றது. கயிற்றை இழுத்தேன். பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். கடைசியில் எங்கள் பழைய வித்தையைக் காட்டினேன்: சிறிய போத்தலால் பெற்றோலை நேரே காபரேட்டருக்குள் விட்டேன். உறுமியது. பத்து மீட்டர் போய்ச் செத்தது. மறுபடி விட்டேன், மறுபடி செத்தது. அந்த உறுமலை நம்பியே முக்கால் மணி நேரம் போய்விட்டது.

நிமிர்ந்தால், அக்கா பனித்தட்டைக் கட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தார்.

"அக்கா, பொறுங்கோ, இப்ப வந்திடும்!"

"நீர் அதோட கதைச்சுப்போட்டு ஆறுதலா வாரும் தம்பி. எனக்கு ரெண்டு மணிக்கு ஆக்கள் பாத்துக்கொண்டிருப்பினம்."

வண்டியை விட்டுவிட்டு அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். வழியெல்லாம், நேர்காணலுக்காக அவர் எழுதிவைத்திருந்த கொப்பியிலிருந்து நான் கேள்வி கேட்க, மூச்சு வாங்க அவர் பதில் சொன்னார். நாட்டின் ஏழு அமைச்சர்களில் ஆறு பேர்தான் அவருக்கு நினைவுக்கு வந்தார்கள்.

"ஏழாவது ஆர் அக்கா?"

"அந்த மெசினுக்குள்ள ஒளிச்சிருக்கிறாரோ தெரியாது. போய்ப் பாத்திட்டு வாரும்."

அலுவலக வாசலில் சப்பாத்தை மாற்றும்போது மணி ஒன்று ஐம்பது. முழங்கால்வரை நனைந்த காற்சட்டையோடு உள்ளே போனார். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து, ஏழாவது பேரும் வந்துவிட்டது என்றார். அடுத்த கோடையில் அவருக்குக் குடியுரிமை கிடைத்தது.

வண்டியை இழுத்துவந்து பிரித்தபோது, பெற்றோலைத் தள்ளும் பம்புக்குள் சிறிய இறப்பர்த் தகடு ஒன்று காய்ந்து வெடித்திருந்தது. வர்ணம் புதிது, இருக்கை புதிது, அது மட்டும் பழையது. என்னை நம்பவில்லையா என்று முதலாளியிடம் கேட்டேன். "நம்பாவிட்டால் அவரை ஏன் உங்களோடு ஏற்றியிருப்பேன்?" என்றார். பிறகு, தான் அதில் போகும் நாட்களிலும் பனித்தட்டைக் கட்டித்தான் போவதாகச் சொன்னார்.

ஒவ்வொரு ஆணியையும் கையால் பூட்டியவருக்கே அதில் அவ்வளவுதான் நம்பிக்கை இருந்தது. எல்லாம் தெரிந்ததாக நினைத்தது, இரண்டொரு தடவை ஓட்டிய நான். இப்போது லோசானில் வேறு வேலை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு மெட்ரோ வருகிறது. ஆனாலும், யாராவது ஒருவருடைய முக்கியமான நாளுக்குத் துணையாகப் போகும்போது, நடந்து போக எவ்வளவு நேரமாகும் என்று பார்த்துத்தான் வீட்டைவிட்டு இறங்குகிறேன்.