கைராசிக்காரரின் பட்டை

அந்த ஆய்வகத்தில் அவரைக் கைராசிக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதே மேசைதான். எலியின் செல்களை உடைத்து, புரதங்களைப் பிரித்தெடுத்து, ஜெல் என்கிற கூழ்த் தகட்டில் ஓடவிட்டுச் சாயம் ஏற்றுவார். புரதம் இருந்தால் ஜெல்லில் கோடுபோலப் பட்டை தெரியும். தெரியாவிட்டால் பேராசிரியர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

மற்றவர்கள் செய்தால் வராத பட்டை ஒன்று இவர் செய்தால் மட்டும் வந்தது. இதுவரை யாரும் காணாத புரதம் என்று பேராசிரியர் முடிவு கட்டினார். அதை நம்பி ஒரு மாணவி முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டையே எழுதிவிட்டாள். அடுத்த வாரம் கொடுக்க வேண்டும். இவர் காய்ச்சலில் படுத்தபோது பட்டையும் லீவு போட்டது.

"உங்க கை பட்டாத்தான் வருது அண்ணே" என்றாள் அவள்.

விஞ்ஞானக் கூடத்தில் ராசி பேசுகிறோமே என்று ஒருவருக்கும் கூச்சமில்லை. இவர் வீட்டில் போய்ப் பெருமையடித்தார்.

"அந்தக் கையால நாலு பாத்திரம் தேய்ங்க, ராசிய நானும் பாக்கறேன்" என்றாள் மனைவி.

யோசனை வந்தால் தலையைச் சொறிவது அவர் பழக்கம். கையுறை போட்டுக்கொண்டுதான் சொறிவார், அதில் ரொம்பக் கண்டிப்பு. மறுநாள் ஆய்வகத்தில் அப்படிச் சொறிந்தபோது, திறந்திருந்த குப்பிக்குள் வெள்ளையாக ஏதோ விழுந்ததைப் பார்த்துவிட்டார். எலியின் செல்லே போடாமல் வேறொரு குப்பியை எடுத்து, அதன்மேல் தலையை நன்றாகச் சொறிந்து, ஜெல்லில் ஓடவிட்டார். அதே இடத்தில் அதே பட்டை, முன்னைவிடப் பளிச்சென்று வந்து நின்றது.

ஜெல்லைக் குப்பையில் போட்டிருந்தால் ஈ, காக்காய்க்குத் தெரியாது. அந்தப் பெண்ணின் முகத்தை நினைக்க அவருக்கு அழுகையே வந்தது. ஆனால் நாளைக்கு வேறு யாராவது செய்துபார்த்து அவளைப் பொய்க்காரி என்றால்? ஜெல்லைத் தட்டோடு தூக்கிக்கொண்டு அவளிடமே போனார்.

"இதுல எலி செல்லே இல்லம்மா. என் பொடுகுதான். அதுவும் புரதந்தானே."

அவள் தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அப்போ இத்தனை வருஷமா உங்க தலையையா ஆராய்ச்சி பண்ணினேன்?"

"ஆமாம்மா."

"அதுல ஒண்ணுமே இல்லையே அண்ணே" என்றவள், உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். பழக்கதோஷத்தில் தலைக்குப் போன கையை இவர் பாதியில் இறக்கினார்.

போன் அடித்தது. அவளுடைய அம்மா. "எல்லாம் முடிஞ்சுதா?" என்று கேட்டது இவர் காதிலும் விழுந்தது.

"இல்லம்மா. இன்னும் ஒரு வருஷம் ஆகும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு இவரைப் பார்த்தாள். "யார் மேலயும் தப்பில்லம்மா. பொடுகு, அவ்வளவுதான்."

அம்மா பிடித்துக்கொண்டாள். ஒழுங்காகத் தலைக்குக் குளிக்கிறாயா, ஈரத்தோடு முடியைக் கட்டுகிறாயா, பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு அலட்சியமா! இவருக்கு விழ வேண்டிய திட்டையெல்லாம், "சரிம்மா, சரிம்மா" என்று அவள் வாங்கிக்கொண்டிருந்தாள்.