நாராயணம்மா எழுதிய மஞ்சள் அட்டை

நாராயணம்மாவுக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. பாகலூரிலிருந்து ஓசூருக்கு வரும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் கொடுக்கும் சீட்டைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். பெண்களுக்கு இலவசச் சீட்டுதானே, அதில் என்ன பார்க்கிறாய் என்று கேட்டால், சும்மா கொடுப்பதைத்தான் நன்றாகப் பார்க்க வேண்டும் என்பாள்.

பத்தொன்பது வருடமாக அவளுக்கு வேலை, மோட்டார்சைக்கிள் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் பிரஸ் பகுதியில். அதற்கு முன்னால் தாயோடு சேர்ந்து ஊரார் வயலில் கேழ்வரகு அறுத்தவள். இங்கே தகட்டை அச்சின்மேல் வைத்து, இரண்டு பச்சைப் பொத்தான்களை இரண்டு கைகளாலும் சேர்த்து அமுக்கினால், மேலிருந்து கனத்த இரும்பு இறங்கி வெட்டும். இரண்டு கையும் பொத்தானில் இருக்கும்போது விரல் எப்படி உள்ளே போகும்? மெஷின் செய்தவன் புத்திசாலிதான். ஆனால் அப்படி வேலை செய்தால் அன்றைய எண்ணிக்கை வராது. அதனால் பெண்கள் தலையிலிருந்து ஒரு ஸ்லைடை உருவி ஒரு பொத்தானின் இடுக்கில் செருகிவிடுவார்கள். அது அமுங்கியே கிடக்கும். ஒரு கை பொத்தானுக்கு, ஒரு கை தகட்டுக்கு. இந்த வித்தையை அந்த வரிசைக்குக் கொண்டுவந்த புண்ணியவதியே நாராயணம்மாதான்.

மூன்று மாதத்துக்கு முன் கிருஷ்ணகிரியிலிருந்து பிரியதர்ஷினி என்ற பெண் பாதுகாப்பு அதிகாரியாக வந்தாள். சாப்பாட்டு அறையில் ஒரு பெட்டியும் பக்கத்தில் மஞ்சள் அட்டைகளும் வைத்தாள். அடிபட்டதை மட்டுமல்ல, அடிபடாமல் தப்பியதையும் பேர் போட்டு எழுதுங்கள், யாரையும் தண்டிக்க மாட்டோம் என்றாள். எல்லோருக்கும் டீயும் முட்டை பப்ஸும் வந்தன. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான் என்று நாராயணம்மா முடிவு கட்டினாள். இந்தக் கம்பெனி பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் காரணமில்லாமல் பப்ஸ் கொடுத்ததில்லை.

தரையில் எண்ணெய் ஒழுகுகிறது என்று கங்கப்பன் ஒரு அட்டை எழுதிப் போட்டான். அடுத்த மாதம் அவனை வாசல் கேட் காவலுக்கு மாற்றினார்கள். முட்டி வலி என்று அவனே கேட்டு வாங்கிய இடம் அது என்றாள் பிரியதர்ஷினி. யார் நம்புவார்கள்? கங்கப்பனிடம் ஒரு வார்த்தை கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. அன்று முதல் நாராயணம்மா பெட்டிக்கு எதிரே தனியாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். ஷிப்டு மாறும் நேரத்திலும் அங்கேதான் இருப்பாள். யார் எழுதுகிறார்கள், யாரைப் பற்றி எழுதுகிறார்கள் என்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டாமா?

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணிக்கு அது நடந்தது. பொத்தானை ஒருமுறை அமுக்கினாள். இரும்பு இறங்கி ஏறியது. வெட்டிய துண்டை எடுக்க வேண்டிய கை, தாகத்தால் தண்ணீர் பாட்டில் பக்கம் போனது. அந்த நேரத்தில், யாரும் அமுக்காமலே, இரும்பு இன்னொரு முறை இறங்கியது. துண்டு நசுங்கிப் போயிருந்தது.

ஷிப்டைப் பார்த்துக்கொள்ளும் அசோக்குமாரிடம் நாராயணம்மா ஓடிப்போய்ச் சொன்னாள். லோடு அனுப்ப வேண்டும், நாளைக்கு மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லலாம் என்று அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

இரண்டரை மணிக்கு அடுத்த ஷிப்டில் அதே மெஷினில் கவிப்ரியா உட்காருவாள். கல்லாவி என்ற ஊரிலிருந்து வந்த பெண், விடுதியில் தங்கி நான்கு மாதமாக வேலை செய்பவள். அட்டை எழுதினால் மெஷினை நிறுத்துவார்கள். நிறுத்தினால் ஒரு கை ஏன் பொத்தானில் இல்லை என்று கேட்பார்கள், ஸ்லைடு வெளியே வரும், பத்தொன்பது வருட வேலை போகும். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். அவள் மடியில் இருந்தது ஒரு மலை. கவிப்ரியாவின் காதில் மட்டும் போட்டுவிடலாமா என்று நினைத்தாள். நாளைக்கு அங்கே வேறொருத்தி உட்காருவாளே.

இரண்டு மணிக்கு ஒரு மஞ்சள் அட்டையை எடுத்தாள். ஒருமுறை அமுக்கினேன், இரண்டு முறை விழுந்தது, ஸ்லைடு வைத்தது நான்தான் என்று கோணல் எழுத்தில் எழுதிப் பேரும் போட்டாள். பெட்டியை நம்பாமல் பிரியதர்ஷினியின் கையிலேயே கொடுத்தாள்.

பிரியதர்ஷினி படித்தாள். நேராகப் போய் மெஷினை அணைத்துச் சிவப்புப் பூட்டைப் போட்டாள். அசோக்குமார் வந்து கத்தியதற்கும் அவள் அசையவில்லை. மெக்கானிக் திறந்து பார்த்தபோது உள்ளே ஒரு ஸ்பிரிங் உடைந்திருந்தது.

"மெமோ எப்ப குடுப்பீங்க மேடம்?" என்று கேட்டாள் நாராயணம்மா.

"மெமோ இல்லீங்கம்மா. ஒரு கையில செஞ்சாத்தான் எண்ணிக்கை வருதுன்னா, எண்ணிக்கையத்தான் மாத்தணும். அதை நான் மேல பேசறேன்."

நாராயணம்மா அதையும் நம்பவில்லை. நாளைக்குத் தபாலில் வரும் என்று நினைத்துக்கொண்டே, கை கழுவச் சாப்பாட்டு அறைக்குப் போனாள். வேலைக்கு வந்திருந்த கவிப்ரியா அங்கே காத்திருந்தாள். சேதி அதற்குள் அவளுக்கு எட்டியிருந்தது.

"எனுக்கும் போன வாரம் ரெண்டு வாட்டி அப்படி விழுந்துச்சுக்கா. விரல் நுனியில தப்பிச்சேன். எழுதலாம்னு கார்டுகூட கையில எடுத்தேன்."

நாராயணம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "என்னாத்துக்குடி எழுதாம வுட்ட?"

கவிப்ரியா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"எதிர்ல நீங்க உக்காந்து பாத்துக்கினு இருந்தீங்கக்கா. நீங்க மேனேஜ்மென்ட் ஆளுன்னு எல்லாரும் சொன்னாங்க."